தாய்க்கும் ஒரு படுக்கை: குறைமாதக் குழந்தைகளும் பழவேற்காட்டுக் குடும்பங்களும்

கருக்காலம் 37 வாரங்கள் நிறைவதற்கு முன்பே பிறக்கும் குழந்தையை மருத்துவ உலகம் குறைமாதக் குழந்தை என்று வகைப்படுத்துகிறது. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு நாள் நிறையாமல் பிறந்தன என்றும், அவற்றுள் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. வேறெந்த நாட்டிலும் இவ்வளவு குறைமாதப் பிறப்புகள் இல்லை. இக்குழந்தைகளைக் காப்பாற்றுவதற்கென்றே உருவான பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகள், வெப்பமூட்டும் படுக்கை, உயிர்வளி, குழாய்வழி உணவு, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஆகியவற்றின் துணையோடு பெரும் சாதனை புரிந்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சாதனைக்கு ஒரு விலையும் இருந்தது. தொற்று பரவும் என்ற அச்சத்தால் பெற்றவர்கள் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். தாய் என்பவள் குறித்த நேரத்தில் வந்து கண்ணாடி வழியே பார்த்துவிட்டுப் போகும் பார்வையாளராக ஆக்கப்பட்டாள். அந்த ஏற்பாடு தவறு என்பதைக் கடந்த நாற்பது ஆண்டுகளின் மருத்துவ ஆய்வு படிப்படியாக மெய்ப்பித்து வந்துள்ளது. குடும்பத்தைச் சிகிச்சையின் உள்ளே கொண்டுவந்து, குழந்தையின் மூளையும் புலன்களும் வளர்வதற்கு ஏற்ற சூழலை அமைத்துத் தரும் இம்முறைக்குக் குடும்ப மைய வளர்ச்சிப் பராமரிப்பு என்று பெயர்.

இம்முறையின் தேவையைப் பெருநகர மருத்துவமனையின் உள்ளிருந்து பார்ப்பதைவிட, அம்மருத்துவமனையை அடைய நெடுந்தொலைவு வரவேண்டிய ஓர் ஊரிலிருந்து பார்ப்பது தெளிவு தரும். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, அதன் தென்முனை திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் அமைந்துள்ளது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம் என ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் வரிசையாக அமைந்த மீனவ ஊர்களில் ஆண்கள் விடியலுக்கு முன்பே படகேறிவிட, பெண்கள் மீனைத் தரம் பிரித்து, கருவாடு உலர்த்தி, கூடை சுமந்து விற்று வருகிறார்கள். ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் இடுப்பளவு நீரில் இறங்கி வலையில்லாமல் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் இங்கே உண்டு. இவ்வூர்களிலிருந்து பொன்னேரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர்; சென்னை ஏறத்தாழ 60 கிலோமீட்டர்.

நாட்டின் பச்சிளங்குழந்தை சிகிச்சை ஏற்பாடு மூன்று படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. பிரசவம் நடக்கும் எல்லா இடங்களிலும், ஆரம்ப சுகாதார நிலையம் உட்பட, பிறந்த குழந்தையைத் துடைத்து வெதுவெதுப்பாக வைத்து மூச்சுக்கு உதவும் ஒரு மூலை இருக்க வேண்டும். அடுத்த நிலை மருத்துவமனைகளில் குழந்தையின் நிலையைச் சீராக்கும் சிறு பிரிவு. மாவட்ட அளவில் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு. செயற்கைச் சுவாசக் கருவியும் முழுமையான தீவிர சிகிச்சையும் தேவைப்படும் குழந்தைகள் அதற்கும் மேலே, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். பழவேற்காட்டுப் பகுதியிலிருந்து செல்பவர்களுக்கு இது பொன்னேரி அரசு மருத்துவமனை, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவமனையோடு இணைந்த இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை என்று நீளும் பாதை. படிகள் தெளிவாகவே உள்ளன. ஆனால் ஒவ்வொரு படியிலும் குழந்தையும் தாயும் பிரிந்துபோகும் வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. பிரசவம் ஒரு மருத்துவமனையில் நடந்து, குழந்தை மட்டும் ஆம்புலன்ஸில் இன்னொரு மருத்துவமனைக்குப் போய்விட, அறுவை செய்த வயிற்றோடு தாய் முதல் மருத்துவமனையிலேயே படுத்திருக்கும் நிலை இந்நாட்டு மருத்துவமனைகளில் அரிதன்று. குழந்தைக்கு மிகவும் தேவைப்படும் முதல் மூன்று நாள் சீம்பால் அதன் வாய்க்கு எட்டாமல் போவது இந்தப் பிரிவினால்தான்.

தமிழ்நாட்டில் பிறந்து 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஆயிரம் உயிர்ப்பிறப்புக்கு 9 என்ற அளவுக்குக் குறைந்திருந்தது. பிழைக்கும் குழந்தைகள் பெருகும்போது அக்குழந்தைகள் எவ்வாறு வளர்கின்றன, என்ன குறையோடு அல்லது குறையின்றி வீடு திரும்புகின்றன என்ற கேள்வி முன்னே வந்து நிற்கிறது. அதற்கு விடை காண, நாள் நிறையாத குழந்தையின் உடல் எந்த நிலையில் உலகுக்கு வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கருப்பை இருளானது, ஓசைகள் அங்கே தாயின் உடல்வழி வடிகட்டப்பட்டு மெல்லிதாகவே வந்து சேர்கின்றன, வெப்பம் மாறுவதில்லை, கைகால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, நீட்டினால் மெல்லத் தடுத்து நிறுத்தும் ஒரு சுவருக்குள் சிசு மிதக்கிறது. புலன்கள் ஒரே நாளில் விழிப்பதில்லை. தொடுவுணர்வு முதலிலும், பின்பு உடல் சமநிலையும் சுவையும் மணமும், அதன்பின் செவியும், எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பார்வையும் செயற்படத் தொடங்குகின்றன. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று மோதாமல் இயக்கும் திறன் 32 முதல் 34 வாரங்களில்தான் கூடிவருகிறது. மூளையின் மேற்பரப்பில் மடிப்புகள் ஆழமாவதும், நரம்பணுக்களுக்கிடையே இணைப்புகள் பல்கிப் பெருகுவதும் கருக்காலத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான். 28 அல்லது 30 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு இந்த வளர்ச்சி முழுவதும் இனி வெளியே, குழல்விளக்கின் வெளிச்சத்திலும் எச்சரிக்கை மணிகளின் ஓசையிலும், நாளொன்றுக்குப் பலமுறை விழும் ஊசிக்குத்தல்களுக்கும் பிளாஸ்திரி உரிப்புகளுக்கும் நடுவே நடந்தாக வேண்டியிருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓசை 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997-இல் எச்சரித்தது. சாதாரணப் பேச்சே அதைவிட உரத்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இன்குபேட்டரின் மூடியை அறைந்து சாத்துவதும் அதன்மேல் எஃகுத் தட்டை வைப்பதும் உள்ளே இருக்கும் குழந்தைக்கு என்ன செய்யும் என்பது புலப்படும்.

இக்குழந்தைகள் எதையும் உணராத நிலையில் கிடக்கின்றன என்ற பழைய எண்ணத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஹைடலிசா ஆல்ஸ் என்ற உளவியலாளர். போஸ்டன் நகரில் பணியாற்றிய அவர், கருவிகளின் எண்களைப் பார்ப்பதோடு நில்லாமல் குழந்தைகளையே மணிக்கணக்கில் உற்றுநோக்கி, அவற்றின் அசைவுகளுக்குப் பொருள் உண்டு என்பதை 1980-களின் தொடக்கத்தில் ஒரு கோட்பாடாக முன்வைத்தார். விரல்களை அகல விரித்துக் கையை முன்னே நீட்டுவது, முதுகை வில்லாக வளைப்பது, பசியோ தூக்கமோ இல்லாதபோது வரும் விக்கலும் கொட்டாவியும் தும்மலும், தோல் வெளிறுவது அல்லது புள்ளிபுள்ளியாகத் திட்டுப் படிவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியவை தாங்க முடியவில்லை என்று குழந்தை சொல்லும் முறைகள். கையை வாயருகே கொண்டுபோவது, காலோடு காலைப் பின்னிக்கொள்வது, துணியையோ விரலையோ பற்றிக்கொள்வது ஆகியவை அது தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் முயற்சிகள். இந்த முயற்சிக்குத் துணைநிற்பதே வளர்ச்சிக்கு உகந்த பராமரிப்பின் சாரம்.

நடைமுறையில் அது எளிய செயல்களின் தொகுதி. பழைய பருத்திச் சேலையைச் சுருட்டிக் குழந்தையைச் சுற்றி நீள்வட்டமாக வைத்தால் கைகால்கள் மடங்கியபடி நிற்கும். இன்குபேட்டரின் மேல் கனமான துணியைப் போர்த்தினால் இருள் கிடைக்கும். எடை பார்ப்பது, துணி மாற்றுவது, இரத்தம் எடுப்பது ஆகியவற்றை அவரவர் வசதிக்கு வெவ்வேறு நேரங்களில் செய்யாமல் குழந்தை விழித்திருக்கும்போது சேர்த்துச் செய்துமுடித்தால் இடையில் நீண்ட தூக்கம் வாய்க்கும். தலையை ஒரு கையாலும் மடக்கிய கால்களை இன்னொரு கையாலும் அசையாமல் அணைத்துப் பிடித்தபடி ஊசி போட்டால் வலியின் வேகம் குறைகிறது. அந்நேரத்தில் நாவில் சில துளி தாய்ப்பால் விடுவதும் வலியைத் தணிக்கிறது. விரல் நுனியால் வருடுவது அன்பின் அடையாளமாகத் தோன்றினாலும் முதிராத தோலுக்கு அது எரிச்சலே தரும். அசையாத, வெதுவெதுப்பான உள்ளங்கையே அக்குழந்தைக்கு இதமானது. இந்தச் செயல்களுள் எதற்கும் பட்டப்படிப்பு தேவையில்லை. ஆனால் ஒரு செவிலியரின் பொறுப்பில் பல குழந்தைகள் இருக்கும் பிரிவில், ஒரு குழந்தையின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இருப்பதில்லை. அந்த நேரமும் பொறுமையும் உடைய ஒரே ஆள் வெளியே நடைகூடத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்தான். தம் கோட்பாட்டின் அடிப்படையில் ஆல்ஸ் உருவாக்கிய முழுப் பராமரிப்புத் திட்டம் நெடுங்கால மூளை வளர்ச்சியில் எவ்வளவு பயன் தருகிறது என்பது பற்றி ஆய்வுத் தொகுப்புகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. எனினும், குழந்தையின் குறிப்பறிந்து கையாள வேண்டும் என்பதும் அதைச் செய்யத்தக்கவர் பெற்றோர் என்பதும் இன்று மறுக்கப்படாத அடிப்படைகள்.

பெற்றோரை உள்ளே அழைத்த முயற்சிகள் பெரும்பாலும் வசதி மிகுந்த இடங்களில் தொடங்கவில்லை என்பது கருதத்தக்கது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஓர் இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைக்க வேண்டியிருந்த நெருக்கடியில், 1978-இல் எட்கார் ரேய் என்ற மருத்துவர், பின்பு எக்டோர் மார்த்தீனெஸின் துணையோடு, தாயின் நெஞ்சிலேயே குழந்தையைக் கட்டிவைக்கும் முறையைக் கொணர்ந்தார். அதுவே கங்காரு தாய்ப் பராமரிப்பு என்று உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ அதே காலத்தில் எஸ்தோனியாவின் தாலின் நகரில், செவிலியர் பற்றாக்குறையால் தாய்மாரையே இரவும் பகலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர் அடிக் லெவின். இல்லாமையால் தொடங்கியது இருப்பதைவிடச் சிறந்ததாக அமைந்தது. கனடாவில் மருத்துவர் ஷூ லீ தலைமையில் இம்முறை முறையான ஆய்வுக்கு உட்பட்டது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் 26 பிரிவுகளில் நடந்து 2018-இல் வெளியான அந்த ஆய்வில், பெற்றோர் நாள்தோறும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் உடனிருந்து பராமரித்த குழந்தைகள் கூடுதலாக எடை ஏறின. பெற்றோரின் மன அழுத்தமும் குறைந்தது.

இந்தியாவில் இதற்கு வழிகாட்டியது தில்லியிலுள்ள டாக்டர் ராம் மனோகர் லோகியா மருத்துவமனை. அங்கே மருத்துவர் ஆர்த்தி மரியாவும் அவருடைய குழுவினரும், எழுத்தறியாத பெற்றோருக்கும் விளங்கும் வகையில் காணொளிப் பாடங்களை அமைத்து, கைகழுவி உள்ளே நுழைவதில் தொடங்கி, குழந்தையைத் துடைத்தல், உணவு புகட்டல், தோலோடு தோல் சேர்த்து அணைத்தல், வீட்டுக்குப் போனபின் கவனிக்க வேண்டியவை என்பது வரை படிப்படியாகக் கற்றுக்கொடுத்தார்கள். 295 குழந்தைகளை இரு பிரிவாக்கி நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு செய்திகளைத் தந்தது. குடும்பத்தினர் உள்ளே வந்ததால் மருத்துவமனைத் தொற்று கூடவில்லை என்பது ஒன்று. வீடு திரும்பும் முன் தாய்ப்பால் மட்டுமே அருந்திய குழந்தைகள் வழக்கமான பராமரிப்பில் ஏறத்தாழ 67 விழுக்காடாக இருக்க, குடும்பம் பங்கேற்ற பிரிவில் 80 விழுக்காடாக உயர்ந்தார்கள் என்பது மற்றொன்று. முதல் செய்தியே பெரியது. ஏனெனில், பெற்றோரை வெளியே நிறுத்துவதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட காரணத்தின் வேரையே அது அறுத்தது. அதே 2017-இல் மத்திய சுகாதார அமைச்சகம் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கான நடைமுறை வழிகாட்டுதலை வெளியிட்டு, நாடெங்குமுள்ள சிறப்புப் பிரிவுகளில் அதைச் செயற்படுத்தப் பணித்தது.

இன்னும் அழுத்தமான சான்று 2021-இல் வந்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள 3,211 குழந்தைகளிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு அது; இந்தியாவில் தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை அதில் பங்கேற்றது. அதுவரை, குழந்தையின் உடல்நிலை சீரான பிறகே கங்காரு பராமரிப்பைத் தொடங்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. இந்த ஆய்வோ, பிறந்தவுடனேயே, தீவிர சிகிச்சைப் பிரிவின் உள்ளேயே தொடங்கினால் என்ன ஆகும் என்று கேட்டது. அதற்காகக் குழந்தையின் படுக்கையருகே தாய்க்கும் ஒரு கட்டில் போடப்பட்டு, பிரசவித்த தாய்க்குரிய மருத்துவமும் அங்கேயே வழங்கப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் தாயின் நெஞ்சில் இருந்த குழந்தைகளுள் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 12 விழுக்காடு. நிலை சீராகும் வரை காத்திருந்த பிரிவில் 15.7 விழுக்காடு. இறப்பு கால்பங்கு குறைந்தது. தொடர்ந்து நடத்தினால் மற்றப் பிரிவுக் குழந்தைகளுக்கு அநீதி ஆகிவிடும் என்பதால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையையே மாற்றி, பிறந்தவுடன் தொடங்கும் கங்காரு பராமரிப்பை, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் உரியதாக அறிவித்தது. தானாக மூச்சுவிட இயலாத குழந்தைகளும், இரத்த ஓட்டம் நிலைகுலைந்த குழந்தைகளும் மட்டுமே இதற்கு விலக்கு.

இப்பராமரிப்பைச் செய்யும் முறை இது. தாய் சற்றே சாய்ந்த நிலையில் உட்கார்ந்துகொள்ள, குல்லாவும் காலுறையும் அரைத்துணியும் மட்டும் அணிந்த குழந்தை இரு மார்புகளுக்கும் நடுவே நிமிர்ந்த நிலையில் வைக்கப்படுகிறது. தலை ஒருபுறம் திரும்பி, மோவாய் நெஞ்சில் பதிந்து மூச்சை அடைக்காதபடி சற்று மேல்நோக்கி இருக்க வேண்டும். கால்கள் இடுப்பில் மடங்கி இருபுறமும் அகன்றிருக்க, கைகளும் மடங்கியிருக்கும். குழந்தையின் காதுமடல் உயரம் வரை வரும்படி ஒரு நீண்ட துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டி, அதன்மேல் தாயின் மேலாடை மூடப்படுகிறது. ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அடிக்கடி எடுத்து வைப்பது குழந்தையைக் களைப்பாக்கும். குழந்தை குளிர்ந்தால் தாயின் மார்பு வெப்பம் உயர்ந்து ஈடுசெய்கிறது. குழந்தையின் நெஞ்சுத் துடிப்பும் மூச்சும் சீராகின்றன. தாயின் தோலிலுள்ள தீங்கற்ற நுண்ணுயிர்கள் குழந்தையின் தோலில் குடியேறி மருத்துவமனைக் கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்கின்றன. பால் சுரப்பு பெருகுகிறது. தாய் களைத்தபோது தந்தையோ பாட்டியோ இதையே செய்யலாம். தோலின் வெப்பத்துக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை.

உணவு புகட்டலிலும் தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஒரு முன்னறிவு உண்டு. முலையை உறிஞ்ச வலுவில்லாத, ஆனால் விழுங்கத் தெரிந்த குழந்தைக்குப் புட்டிப்பால் ஆகாது என்று இன்றைய மருத்துவம் வலியுறுத்துகிறது. அதற்கு மாற்றாக இந்திய மருத்துவமனைகள் கையாள்வது நம் வீட்டு அலமாரிகளில் கிடக்கும் பாலாடையைத்தான். பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் பாதியளவு எடுத்து, குழந்தையைத் தலை உயர்ந்திருக்கும்படி மடியில் தாங்கி, பாலாடையின் மூக்கு நுனியை வாயின் ஓரத்தில் கீழுதட்டின்மேல் பொருத்தி, துளித்துளியாகச் சாய்த்து, ஒவ்வொரு வாயும் விழுங்கி முடித்த பிறகே அடுத்ததைத் தர வேண்டும். அழும் குழந்தையின் வாயில் பாலாடையைக் கவிழ்த்து ஊற்றும் பழக்கம் மட்டும் இங்கே உதவாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஆயா என்று அழைக்கப்படும், கைப்பழக்கம் உள்ள பாட்டிமார் இந்தத் திருத்தத்தை விரைவில் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், பயிற்சியைத் தாயோடு நிறுத்தாமல் ஆயாவுக்கும் அளிப்பதே அறிவுடைமை. பொன்னேரி, பழவேற்காடு வட்டாரத்தில் பிள்ளைப்பேற்றுக்கு வந்த பெண்ணின் வீட்டில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் ஆயாதான்.

அறிவு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நடைமுறையில் எது தடுக்கிறது? பழவேற்காட்டுக் குடும்பம் ஒன்றின் நாட்கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை தெரியும். 30 வாரத்தில் பிறந்த குழந்தை வீடு திரும்பப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஏரியில் இறால் பிடிக்கும் ஊர்களில் பாடு என்னும் பழைய முறை இன்றும் உள்ளது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறைவைத்து வகுக்கும் இந்த ஏற்பாட்டில், தன் முறை வரும் நாளில் இல்லாதவர் மீண்டும் அது சுற்றிவரும் வரை காத்திருக்க வேண்டும். கடலுக்குப் போகும் படகில் பங்காளாக இருப்பவருக்கும் போகாத நாளுக்குப் பங்கில்லை. எனவே தந்தை மருத்துவமனையில் இருந்தால் வீட்டில் உலை ஏறாது. தந்தை ஏரிக்குப் போனால் சென்னையில் தாய்க்குத் துணையில்லை. ஆயா தாயோடு போனால் மூத்த குழந்தையைப் பார்க்க ஆளில்லை. மருத்துவமனை தாயை உள்ளே அனுமதித்தாலும், அவள் படுக்க இடமும், மூன்று வேளைச் சோறும், குளிக்க வெந்நீரும், பால் பீய்ச்ச மறைவான ஓர் அறையும் இல்லையென்றால் அந்த அனுமதி ஏட்டளவிலேயே நிற்கும். பெற்ற உடம்போடு நடைகூடத்தின் சிமெண்டுத் தரையில் துணியை விரித்துப் படுத்திருக்கும் பெண்ணிடம் பால் சுரக்கவில்லையே என்று கேட்பது கொடுமை.

அரசின் உதவிகள் இல்லாமல் இல்லை. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் தாய்க்கும் நோயுற்ற குழந்தைக்கும் சிகிச்சையும் மருந்தும் போக்குவரத்தும் கட்டணமற்றவை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பிலான பணமும் ஊட்டச்சத்துப் பொருளும் வழங்குகிறது. ஆனால் இவை எதுவும் ஒரு குறைமாதக் குழந்தைக்காக வாரக்கணக்கில் வேலையை விட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் கூலி இழப்பைக் கணக்கில் எடுத்து வகுக்கப்பட்டவை அல்ல. முன்மாதிரி இல்லாமலும் இல்லை: கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளைச் சேர்க்கும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களில், உடன் தங்கும் தாய்க்கு உணவோடு நாட்கூலி இழப்பீடும் தரும் ஏற்பாடு தேசிய வழிகாட்டுதலிலேயே இடம்பெற்றுள்ளது. தாயின் நெஞ்சு உயிர்காக்கும் சிகிச்சை என்று 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகு, அந்தச் சிகிச்சையை அளிப்பவளின் உணவையும் படுக்கையையும் கூலியையும் மருந்துச் செலவு போலவே கருதுவதுதான் முறை. அதற்கும் முன்னதாக, நாள் நிறையாமல் வலி கண்ட பெண்ணைக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவதும், மாற்றும் முன்பே குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்கான ஸ்டீராய்டு ஊசியைத் தொடங்குவதும், பிரசவம் முடிந்துவிட்டால் தாயையும் சேயையும் ஒரே மருத்துவமனைக்கு அனுப்புவதும் பெருஞ்செலவில்லாமல் செய்யக்கூடியவை.

வீடு திரும்பிய பிறகும் பராமரிப்பு முடிவதில்லை. உண்மையில் குடும்பம் உள்ளே இருந்து கற்றதன் பயன் அப்போதுதான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்காற்று வீட்டுக்குள் வீசும் நாட்களில் நெஞ்சோடு கட்டிக்கொள்வது மருத்துவமனையைவிட இங்கேயே அதிகம் தேவைப்படும். தேங்காய் எண்ணெய் தடவி மென்மையாக நீவிவிடும் வழக்கம் நல்லதே. எடை கூடுவதற்கு அது உதவுவதாக இந்திய ஆய்வுகளே கூறியுள்ளன. ஆனால் நாள்தோறும் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணிப் புகை காட்டுவதை, உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளவும் புகையைத் தாங்கவும் குழந்தையால் முடியும் வரை தள்ளிவைக்க வேண்டும். உரைமருந்து, சர்க்கரைத் தண்ணீர், சேய்நெய் எதுவும் கூடாது. இவற்றை அறியாமை என்று இகழ்ந்து பேசும் மருத்துவப் பணியாளரின் சொல் ஆயாவின் காதில் ஏறாது. எண்ணெய்க்கும் பாலாடைக்கும் கைச்சூட்டுக்கும் உரிய மதிப்பைத் தந்து, புகைக்கும் மருந்துக்கும் காரணம் சொல்லி விலக்குபவரின் சொல்தான் ஏறும். பால் குடிக்க மறுப்பது, உடல் சில்லிடுவது, மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, உள்ளங்காலும் உள்ளங்கையும் மஞ்சளாவது ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் 108-ஐ அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

இரண்டு பரிசோதனைகள் தவறவே கூடாதவை. 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரங்களுக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு, பிறந்து நான்கு வாரத்துக்குள் விழித்திரை சோதிக்கப்பட வேண்டும். முதிராத விழித்திரையில் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும் நோயை உரிய நேரத்தில் கண்டால் லேசர் சிகிச்சையால் பார்வையைக் காக்கலாம், சில வாரங்கள் தவறினால் பார்வையிழப்பு நிலைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் எந்தக் குறையும் தெரியாது என்பதால், நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிச் சென்னைக்கு ஏன் போக வேண்டும் என்று குடும்பம் நினைப்பது இயல்பு. மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளிலேயே தேதியைக் குறித்துக்கொடுத்துக் காரணத்தையும் விளக்கிச் சொல்ல வேண்டிய கடமை அதனால்தான் எழுகிறது. மற்றொன்று செவித்திறன் சோதனை.

எடை, தவழ்தல், பேச்சு ஆகியவற்றை அளக்கும்போது பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவதே சரி. இரண்டரை மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை ஆறு மாத முடிவில் மூன்றரை மாதக் குழந்தையின் வேலைகளையே செய்யும். இரண்டு வயது வரை இந்தத் திருத்தத்தோடுதான் அதன் வளர்ச்சி கணக்கிடப்பட வேண்டும். அங்கன்வாடி எடை அட்டையிலும் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டிலும் பிறந்தபோதிருந்த கருக்கால வாரமும் எழுதப்பட்டிருந்தால், பக்கத்து வீட்டுக் குழந்தை குப்புற விழுந்துவிட்டது, உன் பிள்ளை இன்னும் விழவில்லையே என்று கேட்கும் ஊருக்குத் தாய் சொல்ல ஒரு விடை கையில் இருக்கும். திருத்திய வயதிலும் கழுத்து நிற்கத் தாமதமானாலோ ஒரு கை மட்டும் விறைத்திருந்தாலோ, காத்திருக்காமல் மாவட்ட தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குக் குழந்தையைக் கொண்டுசெல்ல வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அங்கே உடற்பயிற்சி, பேச்சு, பார்வை, செவி ஆகியவற்றுக்கான சிகிச்சைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.